வாடிய பூவைக் கிள்ளுவது எதற்கு? கோடையில் பூச்செடி வளர்ப்பவர்களுக்கு ஒரு அரிச்சுவடி

எங்கள் மொட்டை மாடியில் இரண்டு சங்குப்பூக் கொடிகள் இருக்கின்றன. ஒரே காயிலிருந்து எடுத்த விதை, ஒரே நாளில் போட்டது, ஒரே அளவுத் தொட்டி. ஒன்று மாடிப்படி முடிகிற இடத்திலேயே இருக்கிறது. அம்மா தினமும் காலையில் பூஜைக்கு அதில்தான் பறிப்பார். மற்றொன்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், இன்னும் நாலு படி ஏறிப் போக வேண்டிய இடத்தில். அம்மாவின் முழங்கால் அந்த நாலு படிக்கு ஒத்துக்கொள்வதில்லை. போன சித்திரையில் பார்த்தால், முன்னால் இருக்கிற கொடி முழுக்க நீலம். பின்னால் இருப்பதில் பூவையே காணோம். தட்டைத் தட்டையாக, இளம் அவரைக்காயை அழுத்தி நீட்டிவிட்ட மாதிரி, கணுவுக்குக் கணு காய்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் வெயில் வித்தியாசம் என்று நினைத்தேன். அப்புறம் உரக் குறைவோ என்று ஒரு கை மண்புழு உரம் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் கொடி பாரம் தாங்காமல் சாய்கிறதே என்று காய்களையெல்லாம் ஒருநாள் பறித்துப் போட்டேன். சில வாரங்களில் அதுவும் பூக்கத் தொடங்கிவிட்டது.

செடி நமக்காகப் பூப்பதில்லை. விதை செய்யத்தான் பூக்கிறது. வண்டு வந்து மகரந்தம் சேர்ந்துவிட்டால் இதழ் வாடும், அடியில் உள்ள சூலகம் பருக்கத் தொடங்கும். அந்த நிமிடத்திலிருந்து செடியின் கவனம் முழுக்க அந்தக் காய் பக்கம் திரும்பிவிடும். இலை சமைக்கிற சர்க்கரையில் பெரும்பங்கு காய்க்குப் போகும். வளரும் விதைகள் சில ஹார்மோன்களையும் சுரக்கும். 'இங்கே வேலை நடக்கிறது, நீங்கள் பொறுங்கள்' என்று அவை மற்ற மொட்டுகளுக்குச் சொல்வதாக வைத்துக்கொள்ளலாம். காய் முற்றினால் அந்தப் பருவத்துக்கான கடமை முடிந்தது. காய் முற்றுவதற்கு முன்பே வாடிய பூவை நாம் எடுத்துவிட்டால், செடியின் கணக்கில் வேலை முடியவில்லை. இன்னொரு முறை முயற்சி செய்யும். அதாவது, மறுபடியும் பூக்கும்.

ஆங்கிலத்தில் இந்த வேலைக்கு டெட்ஹெட்டிங் என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நம்மிடம் தனியாகப் பெயர் இல்லை. 'வாடினதைக் கிள்ளிப் போடு' என்பதுதான் பெயர். பெயர் இல்லாததற்குக் காரணம், நம் வீடுகளில் பூ செடியில் வாடும் வரை இருப்பதே குறைவு. சாமிக்கு, தலைக்கு, வாசல்படிக்கு என்று காலையிலேயே பறித்துவிடுகிறோம். விளக்கு வைத்த பிறகு பறிக்காதே என்று ஒரு தடை மட்டும் உண்டு. ஆக, பாட்டிமார் தெரிந்தோ தெரியாமலோ இதைத்தான் செய்துவந்தார்கள். அழகுக்காகச் செடியிலேயே இருக்கட்டும் என்று நாம் விட ஆரம்பித்த பிறகுதான் இந்தப் பிரச்சினையே வந்தது.

துளசி வளர்ப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். கதிர் விட்டால் கிள்ளிவிடுவோம், முற்றவிட்டால் செடி கட்டை தட்டிவிடும் என்போம். கிள்ளின இடத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் துளிர் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது இன்னொரு கணக்கு. ஒவ்வொரு கிளையின் நுனியும் ஆக்சின் என்ற ஹார்மோனைக் கீழே அனுப்பி, பக்கவாட்டு மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். நுனி போனால் அடக்குமுறை போயிற்று. தூங்கிக்கொண்டிருந்த பக்க மொட்டுகள் எழுந்துகொள்ளும். வாடிய பூவைக் கொஞ்சம் தண்டோடு சேர்த்து வெட்டும்போது இந்த இரண்டு கணக்கும் ஒன்றாக வேலை செய்கின்றன. விதை வேலையும் நிற்கிறது, புதுக் கிளையும் கிளம்புகிறது. வெறும் இதழை மட்டும் உதிர்த்துவிட்டுப் பச்சைக் குமிழை அப்படியே விட்டால் ஒன்றும் ஆகாது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் செய்கிற தவறு இதுதான். நானும் ஒரு வருடம் முழுக்க ரோஜா இதழ்களைப் பொறுக்கிவிட்டு, என்னவோ பெரிய வேலை செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரோஜா, இட்லிப்பூ, செம்பருத்தி, கனகாம்பரம், மல்லி, அரளி மாதிரி வருடக்கணக்கில் நிற்பவை பல்லாண்டுச் செடிகள். செண்டுமல்லி, ஜினியா, காசித்தும்பை எல்லாம் ஒரு பருவத்துச் செடிகள். விதை முற்றியதும் அவை ஆயுளையே முடித்துக்கொள்ளும். அதனால் அவற்றில் வாடிய பூவைக் கிள்ளினால் பலன் இன்னும் கண்கூடாகத் தெரியும். பல்லாண்டுச் செடி சாகாது, ஆனால் சும்மா இருந்துவிடும். இலை பச்சையாக இருக்கும், பூ இருக்காது. 'என் செடி நன்றாகத்தான் இருக்கிறது, பூக்கத்தான் மாட்டேன் என்கிறது' என்று புலம்புபவர்கள் முதலில் செடியில் காய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ரோஜாவில் எங்கே வெட்டுவது

சரி, கத்தரியைக் கையில் எடுப்போம். ஒரு ரோஜாக் கிளையை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சியில் வாடிய பூ. அதற்குக் கீழே இதழ்கள் ஒட்டியிருந்த இடத்தில் பட்டாணி அளவில் ஒரு பச்சைக் குமிழ். அதுதான் காய். அதற்குக் கீழே கொஞ்சம் மொட்டைத் தண்டு. பிறகு முதல் இலை. ரோஜாவின் ஒரு இலை என்பது உண்மையில் பல சிற்றிலைகள் சேர்ந்தது. பூவுக்கு அருகில் உள்ள இலையில் பெரும்பாலும் மூன்று சிற்றிலைகள் இருக்கும். இன்னும் கீழே போனால் ஐந்து, சில ரகங்களில் ஏழு.

ஒவ்வொரு இலையும் தண்டோடு சேரும் கக்கத்தில் ஒரு சின்ன மொட்டு உண்டு. கண்ணுக்குத் தெரியாவிட்டால் விரலால் தடவிப் பாருங்கள், மிளகு மாதிரி தட்டுப்படும். மேலே உள்ள மூன்றிலை மொட்டு மெலிந்தது. அதிலிருந்து வரும் கிளை பென்சில் முனை போல ஒல்லியாக வந்து, பூ கனம் தாங்காமல் தலை தொங்கும். ஐந்து சிற்றிலை உள்ள இலையின் மொட்டு திடமானது. அதனால் அந்த இலைக்கு மேலே, சுமார் அரை சென்டிமீட்டர் விட்டு, சாய்வாக வெட்டுங்கள். சாய்வு மொட்டுக்கு எதிர்ப்பக்கம் இறங்க வேண்டும். தண்ணீர் மொட்டின் மேல் வடியாமல் இருப்பதற்காக இந்த ஏற்பாடு. மொட்டு செடியின் வெளிப்பக்கம் பார்த்ததாக இருந்தால் இன்னும் நல்லது. உள்பக்கம் பார்த்த மொட்டு உள்ளேயே கிளை விட்டு, செடிக்கு நடுவில் காற்றுப் போகாமல் அடைத்துக்கொள்ளும்.

ரொம்ப மேலே விட்டு வெட்டினால் மிச்சமிருக்கிற தண்டுத் துண்டு காய்ந்து கருகும். அந்தக் கருப்பு சில நேரம் அங்கேயே நிற்கும். சில நேரம் கீழே இறங்கி, ஒரு கிளையையே கொண்டுபோய்விடும். நுனிக்கருகல் என்பது இதுதான். கருப்பு இறங்குவதைப் பார்த்தால், அதற்கும் கீழே, தண்டின் உள்சோறு வெள்ளையாகத் தெரிகிற இடம் வரை வெட்டி எடுத்துவிட வேண்டும். கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் நடுவில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைப்பது நல்ல பழக்கம். வெட்டிய இடத்தில் மஞ்சளைக் குழைத்துப் பூசுகிறவர்கள் நிறையப் பேர். கெடுதல் இல்லை. பூசாமல் விட்ட என் செடிகளும் நன்றாகத்தான் இருக்கின்றன.

பன்னீர் ரோஜா, பட்டன் ரோஜா மாதிரிக் கொத்தாகப் பூப்பவற்றில் அவசரப்பட்டுக் கொத்தையே வெட்டிவிடாதீர்கள். நடுப்பூ முதலில் வாடும், சுற்றி இருக்கிற மொட்டுகள் இன்னும் விரிந்திருக்காது. வாடியதை மட்டும் காம்போடு கிள்ளுங்கள். கொத்தில் எல்லாம் முடிந்த பிறகு மொத்தமாக, முன்னே சொன்ன ஐந்திலைக் கணக்கில் வெட்டலாம். வெட்டிய இடத்திலிருந்து மறுபடி பூ வர ஆறு வாரம் போல ஆகும். பத்து நாளில் பூவைத் தேடிக்கொண்டு போய் ஏமாற வேண்டாம்.

எல்லாச் செடிக்கும் இது தேவையில்லை

செம்பருத்தி இந்த விஷயத்தில் சமர்த்து. காலையில் விரியும், பெரும்பாலான ரகங்களில் மாலைக்குள் சுருண்டுவிடும், ஓரிரு நாளில் காம்போடு தானே விழுந்துவிடும். மாடித்தோட்டச் செம்பருத்தி காய்ப்பது அபூர்வம். அதற்கு வேண்டியது கிள்ளுவது அல்ல, அவ்வப்போது கிளை நுனிகளை வெட்டுவது. புதுக் கிளையில்தான் பூ வரும் என்பதால், நுனி எத்தனையோ பூ அத்தனை. மொட்டாகவே உதிர்கிறதென்றால் பெரும்பாலும் ஒருநாள் காய்ந்து ஒருநாள் வெள்ளம் என்று தண்ணீர் ஊற்றுகிற நம் பழக்கம்தான் காரணம். இல்லாவிட்டால் மாவுப்பூச்சி.

நித்தியகல்யாணியும் இதழைத் தானே உதிர்த்துவிடும். ஆனால் காய்க்கும்: இரட்டை இரட்டையாக மெல்லிய காய்கள். பூப்பதும் நிற்காது, காய்ப்பதும் நிற்காது. கல்யாணத்தையும் சீமந்தத்தையும் ஒரே பந்தலில் நடத்துகிற வகை. மடகாஸ்கரிலிருந்து வந்த செடி இது, புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின் மருந்து இதிலிருந்துதான் கிடைத்தது. நம் ஊரில் அது கல்லறைப்பூ என்றும் சுடுகாட்டுமல்லி என்றும் பெயர் வாங்கிக்கொண்டு, தண்ணீர் ஊற்றாத இடத்திலும் நிற்கிறது. பக்கத்துத் தொட்டியிலெல்லாம் முளைக்காமல் இருக்க வேண்டுமானால் மட்டும் காயைக் கிள்ளுங்கள். நந்தியாவட்டையையும் அதன் போக்கில் விட்டுவிடலாம்.

கனகாம்பரத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பூவைப் பறித்தாலும் கதிர் செடியிலேயே நிற்கும். கதிரில் கீழிருந்து மேலாகச் சில பூக்களாக விரிந்துகொண்டே போகும். அதனால் பாதிக் கதிர் காய்ந்த மாதிரி இருக்கிறதே என்று வெட்டிவிடக் கூடாது. உச்சி வரை விரிந்து முடிந்து, கதிர் முழுக்கப் பழுப்பாகிவிட்டால் அடியில் ஒரு ஜோடி இலைக்கு மேலே கிள்ளலாம். நாட்டுக் கனகாம்பரத்தில் காய்ந்த கதிரின் மேல் மழைத்துளி பட்டால் காய் டப்பென்று வெடித்து விதை தெறிக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அதற்காகவே நாலு கதிரை விட்டுவைக்கலாம். டெல்லிக் கனகாம்பரம் என்று விற்கிறார்களே, அது விதையே பிடிக்காது, குச்சி வைத்துத்தான் பெருக்க வேண்டும். அதில் காய்ந்த கதிரை எடுப்பது அழகுக்கும் புதுத் துளிருக்கும்தான்.

இட்லிப்பூ, அதாவது சங்கப் பாட்டில் வருகிற வெட்சி, கொத்தாகப் பூப்பது. அந்தக் காலத்தில் ஆநிரை கவரப் போகிறவர்கள் சூடிக்கொண்டு போன பூ. இப்போது அபார்ட்மெண்ட் வேலியில் நிற்கிறது. கொத்து முழுதும் வாடியதும், கீழே உள்ள ஒரு ஜோடி இலையோடு சேர்த்து வெட்டுங்கள். இலைகள் எதிரெதிராக இருப்பதால் வெட்டின இடத்தில் இரண்டு கிளை வரும். காகிதப்பூவில் நிறமாகத் தெரிவது பூவே இல்லை, நிறம் மாறிய இலைகள். நடுவில் வெள்ளையாகக் குழாய் மாதிரி இருப்பதுதான் பூ. ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் நீண்ட கிளைகளை ஒதுக்கிவிட்டுத் தண்ணீரைக் குறையுங்கள். தண்ணீர் அதிகமானால் இலையாகவே தள்ளும். அரளியில் நீள நீளக் காய்களை மட்டும் எடுத்தால் போதும், கையுறை போட்டுக்கொண்டு. அதன் பால், இலை, பூ எல்லாமே விஷம். வெட்டியதை மாடு கடிக்கிற இடத்தில் போடக் கூடாது.

மல்லிக்கு வருகிறேன். அதை மொட்டாகவே பறிக்கிறோம், அதனால்தான் அப்படிப் பூக்கிறது என்று ஒரு பேச்சு உண்டு. நானும் நம்பியிருந்தேன். ஆனால் குண்டுமல்லி காய்ப்பதே அரிது, அதனால் விதைக் கணக்கு அதற்குப் பொருந்தாது. மல்லிக்கு வேலை செய்வது கவாத்து. வயலில் வளர்ப்பவர்கள் நவம்பர் கடைசியில் தரையிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். பனி முடிந்து துளிர்த்து, மார்ச்சில் புதுக் கிளை நுனிகளில் மொட்டுக் கட்டும். தொட்டியில் வைத்திருக்கும் நாமும் அதையே செய்யலாம். கோடையில் ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும், பூத்த நுனியிலிருந்து இரண்டு மூன்று ஜோடி இலையோடு கிள்ளிவிட்டால் அடுத்த சுற்றுக்குத் துளிர்க்கும். அதற்கு மேல் கோடையில் கை வைக்க வேண்டாம். ஏன் என்பதை என் பாடத்திலிருந்து சொல்கிறேன்.

மே மாதத்தில் நான் செய்த காரியம்

தோட்டம் ஆரம்பித்த முதல் வருடம், ஏதோ ஒரு இங்கிலாந்துக்காரரின் வீடியோ பார்த்தேன். கோடை வந்ததும் செடிகளைத் தாராளமாக வெட்டுங்கள், மறுபடி பொங்கிவரும் என்று சொல்லிக்கொண்டே சரக் சரக்கென்று வெட்டினார். பார்க்க அவ்வளவு திருப்தியாக இருந்தது. கத்தரி வெயில் தொடங்கிய வாரம், ஆறு ரோஜாக்களை முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன். பத்து நாளில் தண்டுகள் வெயில் பட்ட பக்கம் மட்டும் செம்பழுப்பாகத் தோலுரிந்தன. துளிர்த்த குருத்து கருகியது. ஆறில் மூன்று போய்விட்டன.

அவர் ஊர்க் கோடை வேறு. அங்கே குளிர்காலம்தான் செடி உறங்கும் காலம். கோடை என்பது நீண்ட பகல், இதமான வெயில், செடி துள்ளி வளரும் பருவம். நமக்குத் தலைகீழ். கார்த்திகை முதல் மாசி வரைதான் பெரும்பாலான பூச்செடிகளுக்கு நல்ல காலம். மே மாதம், மல்லி, அரளி, காகிதப்பூ மாதிரிச் சில தவிர, செடி உயிரைப் பிடித்துக்கொண்டு இருக்கிற காலம். 40 டிகிரியில் செடிக்குக் குடையே அதன் இலைதான். அடுப்பும் அதுதான். இரண்டையும் நாமே வெட்டி எறிந்துவிட்டுப் பொங்கிவா என்றால் எதை வைத்துப் பொங்கும்?

அதனால் கோடையில் என் விதி இப்படி. வாடிய பூவைக் கட்டாயம் எடுப்பேன், ஆனால் ஐந்திலைக் கணக்குப் பார்க்க மாட்டேன். பூவையும் காயையும் அந்தக் கழுத்துத் தண்டையும் மட்டும் கிள்ளுவேன், இலை ஒன்றுகூடக் குறையக் கூடாது. கிளை கொஞ்சம் ஒல்லியாக வரட்டும், பரவாயில்லை. ஆழமான வெட்டெல்லாம் ஐப்பசி, கார்த்திகைக்குத் தள்ளிவைப்பேன். மார்ச், ஏப்ரலில் வாங்கிவந்த இளம் ரோஜாவாக இருந்தால் இன்னும் ஒரு படி மேலே போய், மே முடியும் வரை வரும் மொட்டுகளையே கிள்ளிவிடுவேன். கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வெயிலில் வருகிற பூ சின்னதாக, நிறம் வெளுத்து, மத்தியானத்துக்குள் ஓரம் கருகி நிற்கும். அதற்குச் செலவழிக்கிற சத்தை வேர் பிடிப்பதில் செலவழித்தால் அடுத்த தையில் வட்டியோடு தரும்.

வாடிய பூவைக் கோடையில் எடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இலைப்பேன். ரோஜா மொட்டு விரியாமல் ஓரம் பழுத்து நின்றால் ஒரு மொட்டைப் பிரித்து வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பாருங்கள். நூல் துணுக்கு மாதிரி மஞ்சளாக, பழுப்பாக ஓடும். பழைய பூக்கள் இவற்றுக்குச் சத்திரம் மாதிரி. கிள்ளியதைத் தொட்டிக்குள்ளேயே போட்டால் பயனில்லை. மாடியை விட்டு வெளியே போக வேண்டும். இலைக்கு அடியில் மெல்லிய நூலாம்படையும், இலை மேல் ஊசியால் குத்திய மாதிரி வெளிர்ப் புள்ளிகளும் தெரிந்தால் அது செஞ்சிலந்தி. வறண்ட வெயிலில் கிளைகிளையாகப் பரவும். காலையில் இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதே பாதி வைத்தியம். மீதிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல். சாயங்காலம்தான் அடிக்க வேண்டும். வெயிலில் எண்ணெய் அடித்தால் இலை வெந்துபோகும்.

தண்ணீரும் நிழலும்

தண்ணீர் காலை ஏழு மணிக்குள். மே மாதத்தில் சின்னத் தொட்டிகளுக்கு மாலையிலும் ஒரு முறை. தொட்டி மண்ணில் ஆள்காட்டி விரலை இரண்டு கணு அளவு விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டுப்பட்டால் ஊற்ற வேண்டாம். ஊற்றினால் அடித்துளை வழியாக வெளியே வரும் வரை ஊற்றுங்கள். மேலாக நனைத்துவிட்டுப் போனால் வேரும் மேலாகவே படர்ந்து, வெயிலில் முதலில் அதுதான் வேகும். ட்யூபில் ஊற்றுபவர்கள் முதலில் வரும் தண்ணீரைக் கையில் பிடித்துப் பாருங்கள். மாடித் தரையில் கிடந்த ட்யூபில் நிற்கிற தண்ணீர் டீ போடுகிற சூட்டில் இருக்கும். அதை வடித்துவிட்டுத்தான் செடிப் பக்கம் திருப்ப வேண்டும்.

மத்தியானம் இரண்டு மணிக்குச் செடி தலை தொங்கிப் போயிருந்தால் பதறி ஓடாதீர்கள். முதலில் மண்ணைத் தொடுங்கள். ஈரமாக இருந்தால், இலை இழக்கிற வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியவில்லை என்றுதான் பொருள். சாயங்காலம் தானே நிமிர்ந்துவிடும். அதற்குமேல் ஊற்றினால் வேர் அழுகும். மண் காய்ந்து தொட்டிச் சுவரை விட்டு விலகியிருந்தால் மேலே ஊற்றுகிற தண்ணீர் அந்த இடுக்கு வழியாக ஓடிவிடும், மண் நனையவே நனையாது. தென்னைநார்க் கழிவு நிறையக் கலந்த மண்ணில் இது அடிக்கடி நடக்கும். அப்போது தொட்டியையே ஒரு வாளித் தண்ணீரில் குமிழி வருவது நிற்கும் வரை உட்காரவைத்து எடுக்க வேண்டும்.

எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்துக்கொண்டே வரும், இலை ஓரம் கருகும். ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கிற தண்ணீரை வீணாக்க வேண்டாமே என்று செடிக்கு ஊற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே உப்பான தண்ணீர் என்றால் கழிவில் உப்பு இன்னும் கூடுதல். அதை வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். மாறாக ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பே இருக்காது. கோடையில் ஒரு ராத்திரிக்கு அரை வாளி கிடைத்தால்கூட இரண்டு ரோஜாவுக்குக் கொண்டாட்டம்.

மண்ணின் மேல் இரண்டு விரல் கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள். தேங்காய் நார், காய்ந்த இலை, கரும்புச் சக்கை, எது கிடைக்கிறதோ அது. தண்டை ஒட்டிக் குவிக்காமல் கொஞ்சம் இடம் விடுங்கள். கருப்புப் பிளாஸ்டிக் தொட்டியைச் சுற்றி ஒரு பழைய சாக்கைக் கட்டி நனைத்துவிட்டால் வேர்ப்பகுதி கொதிக்காது. தொட்டியைத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் வைப்பதும் அதற்குத்தான். பச்சை நிழல்வலை 50 சதவீதம் போதும். 75 சதவீத வலைக்குக் கீழே செடி பத்திரமாக இருக்கும், பூக்காது.

உரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, குறையுங்கள் என்பதைத் தவிர. கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்ததை ஒன்றுக்குப் பத்துத் தண்ணீர் சேர்த்து, ஈரமான மண்ணில் மாதம் ஒரு முறை ஊற்றினால் போதும். நாற்றம் இரண்டு நாள் இருக்கும், பக்கத்து வீட்டில் விருந்தாளி வந்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு ஊற்றுங்கள். காய்ந்த மண்ணில் ரசாயன உரம் போடவே கூடாது. முட்டை ஓட்டை அப்படியே மேலே தூவுவது அலங்காரம். அது மட்குவதற்குள் செடிக்கு எத்தனையோ பருவம் ஓடிவிடும்.

கடைசியாக, காயே கூடாது என்று எல்லாவற்றையும் கிள்ளிப் போட்டுவிட வேண்டாம். அடுத்த வருடத்துக்கு விதை வேண்டுமே. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற சங்குப்பூவில் இந்த முறை அடிப்பக்கமாக நாலு காயை மட்டும் விட்டு, மறதிக்கு ஒரு நூல் கட்டி வைத்திருக்கிறேன். காய் பழுப்பாகி, தொட்டால் மொறுமொறுவென்று ஆகிவிட்டால் அன்றைக்கே பறித்துவிட வேண்டும். ஒருநாள் தாமதித்தால் முறுக்கிக்கொண்டு வெடித்து, விதை மாடி முழுக்கச் சிதறிவிடும். விதைத்தோல் கெட்டி என்பதால் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் காலையில் ஊன்ற வேண்டும். ஆடியில் இரண்டு விதை பக்கத்து வீட்டு அக்காவுக்கு என்று சொல்லிவைத்திருக்கிறேன். தொட்டியைப் படிக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்ல வேண்டும்.